அழிப்பதற்கு முன் விதையை எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பகுதிகளில் துவரைக்கு ஊடே வளர்க்கப்பட்ட கஞ்சாச் செடிகளைப் பிடுங்கித் தீயிட்டனர் என்ற செய்தி அவ்வப்போது நாளிதழ்களில் வருகிறது. நாருக்கும் எண்ணெய் விதைக்கும் பயன்படும், போதைத்தன்மை குறைந்த கஞ்சா வகையான ஹெம்ப்பின் சாகுபடியைத் தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற வறட்சி மாவட்டங்களில் அனுமதிக்க வேண்டும் என்று வேறு சிலர் எழுதுகின்றனர். இரண்டையும் படிக்கும்போது, விதைச் சான்றுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: பயிரிட அனுமதி கிடைத்தால் எந்த விதையை விதைப்பது?

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கஞ்சா பயிரிடுவோருக்குப் பத்து ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை விதிக்கிறது. அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, நார், விதை ஆகிய தொழில் தேவைகளுக்காகவோ தோட்டக்கலைத் தேவைக்காகவோ அரசு நிபந்தனையுடன் சாகுபடியை அனுமதிக்கலாம் என்கிறது. உத்தராகண்ட் அரசு 2018இல் இந்த வழியில் உரிமம் வழங்கத் தொடங்கியது. அங்கு போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி. 0.3 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. நம் நாட்டு மலைச்சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வந்த ரகங்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்குவதில்லை. ஆகவே வரம்புக்கு உட்பட்ட ஐரோப்பிய விதையை இறக்குமதி செய்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கின்றனர்.

அது போதாது. கஞ்சாச் செடி, பகல் நீளத்தை அளந்து பூக்கும் இயல்புடையது. பகல் குறுகினால் பூக்கும். பிரான்சிலும் உக்ரைனிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகங்கள், கோடையில் பதினாறு மணி நேரம் நீளும் பகலில் உயர்ந்து வளரப் பழகியவை. நம் கிருஷ்ணகிரியிலோ ஜூன் மாதத்தில்கூடப் பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. இங்கு விதைத்தால் அவை முளைத்த சில வாரங்களிலேயே பூத்து, முழங்கால் உயரத்தோடு நின்றுவிடக்கூடும். அவற்றிலிருந்து நீளமான நார் கிடைக்காது. குறுகிய பகலிலும் பொறுமையாக வளர்ந்து, தாமதமாகப் பூக்கும் குணம் தென்னிந்திய நாட்டு ரகங்களிடம் இருக்கிறது. நாம் போதைக்குரியவை என்று மட்டுமே பார்த்து எரிக்கும் செடிகளில்தான், ஹெம்ப் வேண்டுவோர் தேடும் அந்தக் குணமும் அடங்கியிருக்கிறது.

டி.எச்.சி.யைக் குறைப்பது மரபியல் நோக்கில் அவ்வளவு கடினமான காரியமும் அன்று. ஒரே முன்பொருளை டி.எச்.சி.யாக மாற்றும் நொதியும், சி.பி.டி. என்ற போதை தராத வேதிப்பொருளாக மாற்றும் நொதியும் பரம்பரையில் ஏறக்குறைய ஒரே மரபணு இடத்தின் இரு வடிவங்களைப் போலவே நடந்துகொள்கின்றன என்பதை 2003இல் வெளியான கலப்பின ஆய்வு காட்டியது. டி.எச்.சி. வகையான நாட்டு ரகத்தையும் சி.பி.டி. வகையான வெளியூர் ரகத்தையும் கலந்தால் முதல் தலைமுறை இடைப்பட்டதாக இருக்கும். இரண்டாம் தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குச் செடிகள் சி.பி.டி. வகையாகப் பிரிந்து வரும். ஆனால் அப்படிப் பிரிந்த செடியில் பாதி மரபு வெளியூர் ரகத்தினுடையது. தாமதப் பூப்பை மீட்க, நாட்டு ரகத்தோடு திரும்பத் திரும்ப மீள்கலப்பு செய்து, ஒவ்வொரு முறையும் ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். அதற்கு முன்பாக, நம் செடிக்கூட்டத்துக்குள்ளேயே இயற்கையாக டி.எச்.சி. குறைந்த செடிகள் இருக்கின்றனவா என்று தேடுவதுதான் முறை. கூட்டத்தையே அழித்துவிட்டால் எங்கே தேடுவது?

இந்த இடத்தில், நாட்டு ரகம் என்றால் என்ன என்பதைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேழ்வரகு தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். வயலில் வேறுபட்டு நிற்கும் ஒரு நல்ல கதிரைத் தனியே கொய்து விதைத்தால், அதன் சந்ததி பெரும்பாலும் தாயைப் போலவே வரும். இப்பகுதி விவசாயிகள் கதிர் பொறுக்கி விதை வைத்தது இதனால்தான் பலித்தது. கஞ்சாவிலோ ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. காற்றில் பறக்கும் மகரந்தம் பல கிலோமீட்டர் செல்லும் என்பதால், விதைப் பண்ணையில் கலப்பைத் தவிர்க்க நாம் வழக்கமாக விடும் பயிர் விலகு தூரமெல்லாம் இதற்குப் பற்றாது. ஒவ்வொரு செடியும் மற்றொன்றிலிருந்து வேறுபட்டது. ஆயிரம் செடிகள் சேர்ந்த கூட்டம்தான் ரகமே தவிர, தனிச்செடி எதுவும் ரகம் ஆகாது. எனவே ஒரு பெண் செடியையும் ஓர் ஆண் செடியையும் எடுத்து வந்து 'பாதுகாத்துவிட்டேன்' என்று சொல்பவர், கூட்டத்தின் பெரும் பகுதியைக் கைவிட்டு வந்தவர். சில தலைமுறைகளில் உறவுக்கலப்பால் வீரியம் குன்றும்.

வெளிநாடுகளில் அரிய ரகச் சேகரிப்பாளர்கள் விசித்திரப் பண்புகளைத் தேடிப் பொறுக்குவதில் காட்டும் ஆர்வத்தை இதனால்தான் என்னால் முழுமனதோடு பாராட்ட முடியவில்லை. விரல்கள் ஒட்டிய வாத்துக்காலைப் போன்ற இலை, ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்ட பல்விளிம்பில்லாச் சிற்றிலை, பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத பூப்பு ஆகியவை உண்மையில் வியப்பூட்டுபவைதாம். இவற்றில் பல ஒடுங்கு பண்புகள். இரு பெற்றோரிடமிருந்தும் வந்தாலன்றி வெளிப்படா. அவற்றை நிலைநிறுத்த நெருங்கிய உறவுச் செடிகளையே திரும்பத் திரும்பக் கலக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் ஒரு விசித்திரத்துக்காக, கண்ணுக்குத் தெரியாத நோய் எதிர்ப்பும் வறட்சித் தாங்குதிறனும் நழுவிப் போகின்றன. குறுகிய மரபுத் தளம் என்ன செய்யும் என்பதை 1970களில் எச்.பி. 3 கம்பு வீரிய ஒட்டு ரகம் அடிச்சாம்பல் நோயில் அழிந்தபோது நாடே பார்த்தது.

அரிதான பண்பைத் தேடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியின் பயிர் ஆய்வாளர் பிரெடமான், ஆண் செடி மகரந்தம் உதிர்ப்பதற்கு முன்பே அதன் தண்டை நெடுக்குவாட்டில் பிளந்து பாதியைச் சோதித்து, நார் மிகுந்த ஆண் செடியை மட்டுமே பூக்கவிட்டு, சில பத்தாண்டுகளில் நார் அளவை இரு மடங்குக்கும் மேல் உயர்த்தினார். நாரை மகரந்தம் உதிர்ந்த பிறகு அளப்பதில் பயனில்லை, அதற்குள் வயல் முழுவதும் கலந்திருக்கும் என்பதுதான் அந்த முறையின் நுட்பம். ஆணும் பெண்ணும் ஒரே செடியில் அமைந்த அபூர்வச் செடிகளைப் பொறுக்கித்தான், ஒரே சமயத்தில் முதிரும் ஐரோப்பிய நார் ரகங்கள் பலவும் உருவாயின. இவையெல்லாம் பெருங்கூட்டமும் பொறுப்புள்ள நிறுவனமும் பதிவேடும் இருந்ததால் நடந்தவை. இதையே தனியாள் ஒருவர் வீட்டு மாடியில் செய்ய முயல்வது குற்றமும்கூட.

எனவே நான் முன்வைக்கும் வேண்டுகோள் சிறியது. மலையில் செடிகளை அழிக்கும்போது, முதிர்ந்த விதை இருந்தால் அதைப் பல செடிகளிலிருந்தும் தனித்தனியே எடுத்து, இடம், உயரம், தேதி குறித்து, அழிப்பு அலுவலரும் வேளாண் அறிவியலாளரும் கையொப்பமிட்டு மரபியல் வள வங்கிக்கு அனுப்ப அரசு ஆணையிட வேண்டும். பூ, காய் நுனிகளோடு சேராத விதை, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் உள்ள கஞ்சா என்ற வரையறைக்குள் வருவதில்லை. அதை முளைக்க வைப்பதற்குத்தான் உரிமம் தேவை. அந்த உரிமத்தை, சாமையிலும் கேழ்வரகிலும் கொள்ளிலும் ரகங்கள் தந்த பையூர் ஆராய்ச்சி நிலையத்தைப் போன்ற அரசு நிலையம் ஒன்றுக்கு, பூட்டிய வலைக்கூடத்துக்குள் மட்டும் என்ற நிபந்தனையோடு வழங்கலாம்.

விதையைக் குளிர் அறையில் வைத்து மறந்துவிட்டாலும் பயனில்லை. உலகின் மிகப் பெரிய ஹெம்ப் விதைத் தொகுப்புகளில் ஒன்றை வைத்திருக்கும் ரஷ்யாவின் வவிலோவ் நிறுவனம், 1990களில் நிதியின்றி, முளைப்புத்திறன் குறையும் விதைகளைப் புதுப்பிக்கத் திணறியது. புதுப்பிக்கும்போது மகரந்தம் கலந்துவிடாமல் காப்பதே அங்கும் பெரிய சவாலாக இருந்தது. நாம் தொடங்குவதானால் புதுப்பிப்புச் செலவையும் முதல் ஆண்டின் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும்.

இது கஞ்சாவுக்குப் பின்வாசல் திறப்பதாகும் என்று சிலர் கூறக்கூடும். ஆனால் விதை ஏற்கெனவே வெளியே போய்விட்டது: கேரளத்தின் பெயரைத் தாங்கிய தென்னிந்திய நாட்டுக் கஞ்சா விதைகள் வெளிநாட்டு வணிகர்களின் பட்டியல்களில் பல ஆண்டுகளாக விற்பனையில் உள்ளன. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டமும், சென்னையிலேயே தேசியப் பல்லுயிர் ஆணையமும் இருந்தும், நம்மிடம் அந்த ரகங்களின் பதிவு இல்லாவிட்டால் உரிமை கோர எதைக் காட்டுவோம்? செடிகளை எரிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. மலைக் கிராமத்து இளைஞர்களைக் கடத்தல்காரர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை இம்மாவட்டத்தவர் அறிவோம். அடுத்த அழிப்புப் பணிக்குச் செல்லும் குழுவில் விதை எடுக்கத் தெரிந்த ஒருவரையும் காகித உறைகளையும் சேர்த்து அனுப்புமாறு வேளாண்மைத் துறையையும் மாவட்ட நிர்வாகத்தையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விதைச் சான்று அலுவலர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.