22.2 எப்படி வந்தது?

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின கணக்கைப் பார்த்தேன். 0.0365 கிராம் உலோகம், மிகையான ஐதரோகுளோரிக்கமிலம், நீருக்கு மேல் சேர்த்த ஐதரசன் வாயு 40.3 கன சென்ரிமீற்றர், 25 பாகை செல்சியசு. அளந்ததில் பிழை இல்லை. சார் அணுத்திணிவு 22.2 என்று வந்ததற்குக் காரணம் நீ போட்ட அமுக்கம்தான்.

101.3 கிலோபஸ்கால் எங்கட ஊருக்குச் சரி, கடல் வாசலிலேயே இருக்குது. நீ பரிசோதனை செய்த பேராதனை கிட்டத்தட்ட 500 மீற்றர் உயரம். அங்கே 95, 96 தான் வரும். அமுக்கம் காட்டும் பாரமானியைப் பார்த்து எழுது. இப்போதைக்கு 95.5 என்று வைப்போம். குழாய்க்குள் நீராவியும் கலந்திருக்கு. 25 பாகையில் அதன் பங்கு 3.2 (இங்கே 30 பாகையில் 4.2). கழித்தால் ஐதரசனுக்கு 92.3. அதைப் பஸ்காலாகவும் கனவளவைக் கன மீற்றராகவும் மாற்றிப் பெருக்கி, வாயு மாறிலி 8.314 ஆலும் வெப்பநிலை 298 கெல்வினாலும் வகுத்தால் 0.00150 மூல். உலோகமும் அதே மூல் என்றால் விடை 24.3.

அந்த "அதே மூல்" என்பதை எங்கிருந்து எடுத்தாய்? தராசும் குழாயும் சொல்வது ஒரு மூல் ஐதரசன் அணுவுக்கு (மூலக்கூறு ஒன்றில் இரண்டு அணு) 12.15 கிராம் உலோகம் என்பதை மட்டும்தான். வலுவளவு, அதாவது ஓர் உலோக அணு வெளியேற்றும் ஐதரசன் அணுக்களின் எண்ணிக்கை, 1 என்றால் 12.2, 2 என்றால் 24.3, 3 என்றால் 36.5. இதை வேறு வழியால்தான் தீர்க்கவேணும். உலோகத்தின் தன்வெப்பக் கொள்ளளவு ஒரு கிராமுக்கு, ஒரு பாகைக்கு 1.02 யூல். திண்ம மூலகத்தின் தன்வெப்பக் கொள்ளளவை அணுத்திணிவால் பெருக்கினால் ஏறக்குறைய 25 வரும் என்று டூலோங், பெற்றி 1819இல் சொன்னபடி 25ஐ அதால் வகுத்தால் 24.5. ஆகவே வலுவளவு 2, உலோகம் மகனீசியம். 24.5ஐ விடையாக எழுதிவிடாதே, அது தெரிவு செய்ய மட்டும்.

இந்த விதி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. பெரிலியத்துக்கு இதே கணக்கு ஏறக்குறைய 13.7 தரும், வலுவளவு 3 என்று நம்பவைக்கும். உண்மையில் 2, அணுத்திணிவு 9. மென்டலீவ் தன் ஆவர்த்தன அட்டவணையில் 9 என்றே வைத்தார். இந்தியம் என்ற உலோகத்தின் அணுத்திணிவு 75.6ஐ 113 ஆக்கினதும் அவர்தான், வலுவளவை 2இலிருந்து 3 ஆக மாற்றி.

மகனீசிய நாடாவை அரத்தாளால் மினுங்கும்வரை தேய்த்த பிறகே நிறு. ஒட்சைட்டு ஐதரசன் தராது, விடை கூடிவிடும். குழாய்க்குள் காற்றுக் குமிழி நின்றால் குறையும். உள்நீர் மட்டமும் வெளிநீர் மட்டமும் ஒன்றாகும்வரை கனவளவை வாசிக்காதே.

திரும்பச் செய்துவிட்டு பாரமானி என்ன காட்டியது என்று எழுது.

அப்பா