மல்லிக்கு, சி.எஸ்.எஃப். (மூளை-தண்டுவட நீர்) விஷயமாக

அன்புள்ள மல்லி,

இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டிக்கொள். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. வனஜா அடுத்த மாசம் வருகிறாள். புளிக்காய்ச்சல் வழக்கம்போல உன் தலையில்தான்.

மூளைக்காய்ச்சல் கிருமிகளின் மரபணுவைத் தேடும் புது பி.சி.ஆர். பேனல் உன் லேபுக்கு வந்ததில் உனக்குத் தலைகால் புரியவில்லை போல. 200 மைக்ரோலிட்டர் சி.எஸ்.எஃப்., ஒரு மணி நேரம், 14 கிருமி. சந்தோஷம்தான். அதில் வைரஸ் ஏழே ஏழுடீ: எண்டெரோ, பரெக்கோ, ஹெர்பிஸ் 1, ஹெர்பிஸ் 2, ஹெச்.ஹெச்.வி.-6, வேரிசெல்லா, சி.எம்.வி. ஜப்பானிய மூளைக்காய்ச்சல், டெங்கு, பொன்னுக்கு வீங்கி எதுவும் கிடையாது. 1955-ல் இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலை முதலில் கண்டுபிடித்ததே வேலூர் பக்கம். இந்த ஊரில் இருந்துகொண்டு, பேனல் நெகட்டிவ் என்றதும் கேஸ் ஷீட்டில் "வைரஸ் இல்லை" என்று எழுதுகிறார்களாமே? மீசை சார் இருந்தால் சாக்பீஸ் பறந்திருக்கும்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு பி.சி.ஆரை நம்பாதே. நோயாளி வந்து சேர்வதற்குள் வைரஸ் பெரும்பாலும் ரத்தத்தை விட்டுப் போயிருக்கும். சி.எஸ்.எஃபிலும் சீரத்திலும் (ரத்தத்தின் தெளிநீர்) ஐ.ஜி.எம். எலைசா போடு, புதுத் தொற்றில் முதலில் வரும் எதிர்ப்பொருளை அது காட்டும். காய்ச்சலின் முதல் சில நாளில் எடுத்த சாம்பிள் நெகட்டிவ் என்றால், பத்து நாள் கழித்து இன்னொரு சீரம் வேண்டும். கூடவே டெங்கு ஐ.ஜி.எம்.மும் பார், இரண்டும் ஒன்றையொன்று போல வேஷம் போடும்.

பொன்னுக்கு வீங்கியில் கன்னம் வீங்கியே ஆகவேண்டும் என்றில்லை. அரசுத் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மை-ரூபெல்லா மட்டும்தான், அதனால் குழந்தைகளிடம் இதை மறக்காதே. சி.எஸ்.எஃப். சர்க்கரை சில சமயம் இறங்கி டி.பி. என்று பயமுறுத்தும். காதுக்கு முன்னால் இருக்கும் பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியை அரை நிமிஷம் தேய்த்துவிட்டுக் கன்னத்தின் உட்புறம் ஸ்வாப் எடு, சீரம் ஐ.ஜி.எம்.மும் அனுப்பு.

பாதி நெகட்டிவ் வார்டிலேயே தயாராகிறது. வைராலஜிக்கென்று 1 மில்லி தனி ஸ்டெரைல் டியூபில் எடுக்கச் சொல். செல் எண்ணிவிட்டு மிச்சத்தைத் தள்ளிவிடக்கூடாது. ஸ்வாபுக்கான வி.டி.எம்.மில் (வைரஸைக் கொண்டுபோகும் திரவம்) ஊற்றினால் நீர்த்துப்போகும். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போட்ட டியூப் வேண்டவே வேண்டாம். ஐஸில் வரட்டும், 4 டிகிரியில் ஓரிரு நாள் தாங்கும், அதற்கு மேல் மைனஸ் 70. வார்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்துக் கரண்ட் போய்ப்போய் உருகினால் எண்டெரோவின் ஆர்.என்.ஏ. போச்சு. ரத்தம் கலந்த சாம்பிளில் ஹீமோகுளோபின் பி.சி.ஆரைத் தடுக்கும். டெஸ்ட் ஒழுங்காக ஓடியதைக் காட்டும் இன்டர்னல் கன்ட்ரோல் வரவில்லையென்றால் அது "நெகட்டிவ்" இல்லை, "செல்லாது".

பாசிட்டிவும் ஏமாற்றும். நூறில் ஒருவருக்கு ஹெச்.ஹெச்.வி.-6 குரோமோசோமிலேயே ஒட்டிப் பிறவியிலிருந்து இருக்கும்; அதைக் காரணம் என்று தூக்கிவைக்காதே. எண்டெரோ வாரக்கணக்கில் மலத்தில் வரும். மலத்தில் மட்டும் கிடைத்தால் "இருக்கலாம்" என்றே எழுது. முதல் நாள், பாக்டீரியாத் தொற்றில் ஏறும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் தூக்கலாக இருந்தாலும் எண்டெரோவை ஒதுக்காதே. கைக்குழந்தையின் பரெக்கோவில் சி.எஸ்.எஃபில் வெள்ளணுவே ஏறாமல் இருக்கும்.

மல்லி, இது விளையாட்டில்லை. நினைவு குழம்புகிறது, வலிப்பு வருகிறது என்றால் முதல் மூன்று நாளில் வந்த ஹெர்பிஸ் நெகட்டிவைப் பார்த்து அதன் மருந்தான அசைக்ளோவிரை நிறுத்த விடாதே. சில நாள் கழித்துத் திரும்ப முதுகில் குத்திச் சி.எஸ்.எஃப். எடுத்து அனுப்பச் சொல். குத்துவதற்கு முன்பே வெளி ஆஸ்பத்திரியில் செஃப்ட்ரியாக்ஸோன் ஆன்டிபயாடிக் போட்டாயிற்றா என்றும் கேள். கல்ச்சரில் பாக்டீரியா வளராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். டி.பி., எலிக்காய்ச்சல் இரண்டும் பட்டியலில் இருக்கட்டும்.

சாம்பிள் படிவத்தில் "காய்ச்சலின் எத்தனையாவது நாள்" என்று ஒரு கட்டம் சேர். அச்சடிக்கும் முன் எனக்கு அனுப்பு, உன் தமிழை நான் நம்பமாட்டேன்.

வனஜாவுக்கு நீயே போன் பண்ணு.

உன்,
சுமதி