வேலூர் சிறையில் நாய்க்குட்டி வளர்த்தால் என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

நியூயார்க் மாநிலத்தில் பெட்ஃபோர்டு ஹில்ஸ் பெண்கள் சிறையில் 1997-லேயே கைதிகளிடம் நாய்க்குட்டிகளை வளர்க்கக் கொடுத்திருக்கிறார்கள், முதலில் பார்வையற்றோருக்கு வழிகாட்ட, அப்புறம் போரில் காயப்பட்டுத் திரும்பிய ராணுவத்தினருக்கு. எட்டு வாரக் குட்டி கைதியின் அறையிலேயே தூங்கி வளர்கிறது. கீழே விழுந்ததை எடுத்துத் தர, விளக்கைப் போட, கெட்ட கனவில் அலறுகிறவரை முகர்ந்து எழுப்ப என்று எல்லாம் பழக ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகும். நேரம்தான் கைதிகளிடம் நிறைய இருக்கிறதே!

நான் குடியாத்தம், ஆந்திர எல்லை ஓரம். பக்கத்தில் கம்மவான்பேட்டை மாதிரி பட்டாளத்துக்குப் பேர்போன ஊர் இருக்கிறது, வேலூரில் மத்திய சிறை இருக்கிறது, அங்கே கைதிகள் பெட்ரோல் பங்க்கே நடத்துகிறார்கள், நாய் வளர்க்க மாட்டார்களா? பட்டாளத்திலிருந்து வந்த என் பெரியப்பா ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தால் பெரியம்மாகூட கிட்டே போகப் பயப்படுவார், தெருவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நாய் மட்டும் போய்க் காலடியில் படுத்துக்கொள்ளும். அதற்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. தீனிச் செலவு, கால்நடை மருத்துவர், பயிற்சியாளர் எல்லாம் வேண்டும்தான், சரி, பத்துக் குட்டிகளோடு சிறைத்துறை ஆரம்பித்துப் பார்க்கட்டும்.

வாசகர், குடியாத்தம்