எஃப்1 சத்தம் போனதுக்கு டர்போ மட்டும் காரணமில்ல

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன இதழ்ல ஃபார்முலா 1 இன்ஜின் பத்தின கட்டுரை படிச்சேன். 2014-ல டர்போ வந்துச்சு, சத்தம் போயிடுச்சுன்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க, அது மனசுக்கு ஒப்பல, அதான் எழுதறேன். டர்போங்கறது வெளிய போற புகையோட வேகத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கித் தள்ற கருவி, அது எக்ஸாஸ்ட் (புகை வெளிய போற) வழியில உக்காந்து கொஞ்சம் சத்தத்த அமுக்கும், நிஜம்தான். ஆனா பெரிய காரணம் பெட்ரோலுக்குப் போட்ட கட்டுப்பாடு. மணிக்கு 100 கிலோவுக்கு மேல இன்ஜினுக்குள்ள போகக்கூடாதுன்னு அந்த வருஷம் ரூல் வந்துச்சு, அந்த 100 கிலோவ 10,500 ஆர்பிஎம்லயே (நிமிஷத்துக்கு இன்ஜின் சுத்தற சுத்து) தொட்டுடலாம், அதுக்கு மேல எவ்ளோ சுத்தினாலும் ஒரு சொட்டு கூட எக்ஸ்ட்ரா கிடைக்காது, உராய்வுதான் ஏறும். 15,000 வரைக்கும் போக அனுமதி இருந்தும் 12,000 பக்கத்துலயே கியர் மாத்துனாங்கன்னா அதுனாலதான்.

முன்னாடி கதையே வேற. சிசி (சிலிண்டர்களோட மொத்த கொள்ளளவு) ஃபிக்ஸ், டர்போ கிடையாது, அப்ப பவர் வேணும்னா அதே சிலிண்டர இன்னும் அதிக தடவ வெடிக்க வைக்கணும், வேற வழியே இல்ல. 2006-ல 2.4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) வந்தப்ப காஸ்வொர்த்ங்கற இன்ஜின் கம்பெனிக்காரங்க 20,000 ஆர்பிஎம்ம ரேஸ்லயே தொட்டாங்க! பிஸ்டன் விட்டம் 98 மிமீ வரைக்கும் போகலாம், அப்படி வச்சா ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேல கீழ போற தூரம்) 40 மிமீ கூட வராது, அகலமா குட்டையா ஒரு சிலிண்டர். அப்புறம் 2007-ல 19,000, 2009-ல 18,000னு ரூல் போடற அமைப்பான எஃப்ஐஏ லிமிட் போட்டுட்டாங்க.

18,000லன்னா ஒவ்வொரு வால்வும் (சிலிண்டருக்குள்ள காத்து வர, புகை போக இருக்கற கதவு) செகண்டுக்கு 150 தடவ திறந்து மூடணும் சார். ஸ்டீல் ஸ்பிரிங் அந்த வேகத்துல தானே அதிர ஆரம்பிச்சுடும், வால்வு அதத் தள்ளித் திறக்கற கேம் கூடவே ஒட்டி வராது, பிஸ்டன்ல போய் இடிச்சா இன்ஜின் காலி. இதுக்கு ரெனோ 1986-லயே ஸ்பிரிங்க தூக்கிட்டு அழுத்தம் ஏத்தின வாயுவ வச்சு வால்வ மூட வச்சாங்க, பின்னாடி எல்லா டீமும் அதுக்கே வந்தாங்க. என்னைக் கேட்டா அந்த அலறலோட உயிரே இந்த சின்ன காத்து அறையிலதான் இருக்கு, உங்க கட்டுரைல அதப் பத்தி ஒரு வார்த்தை இல்லங்கறதுதான் எனக்கு வருத்தம்.

சத்தத்தையும் கணக்காவே பாக்கலாம். வி8 18,000ல செகண்டுக்கு 1200 தடவ வெடிக்கும், 2014-ல வந்த வி6 (ஆறு சிலிண்டர்) 12,000ல 600 தடவ. சரியா பாதி, அதாவது ஒரு ஸ்தாயி கீழ இறங்கிடுச்சு, அதான் காதுக்கு வேற வண்டி மாதிரி கேக்குது. வி8க்கு முந்தின வி10 (பத்து சிலிண்டர்) 19,000லன்னா 1580ஐத் தாண்டும். நம்ம நரேன் கார்த்திகேயன் 2005-ல ஜோர்டான் கார்ல ஓட்டினது டொயோட்டா வி10தான், அவரப் பத்தி எழுதறப்பல்லாம் எஃப்1-ல ஓட்டின முதல் இந்தியர்னு மட்டும் போடறாங்க, அந்த இன்ஜின யாரும் சொல்றதில்ல.

அடுத்த இதழ்ல அந்த வரிய திருத்திப் போடுங்க, முடிஞ்சா வால்வு ஸ்பிரிங் பத்தி படம் வரைஞ்சு ரெண்டு பக்கம் தனியா ஒரு கட்டுரை போடுங்க சார், ப்ளீஸ்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்