திருப்பணி நிறைவு அறிக்கை: முன்மண்டபமும் மன்றோ துரை பலகையும்

ஊர்ப் பெரியோர்களுக்கும், உபயதாரர்களுக்கும், வெளியூரில் இருந்துகொண்டு பணம் அனுப்பிய பங்காளிகளுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

அம்மன் அருளால் முன்மண்டப வேலை முடிந்து, குடமுழுக்கும் மண்டல பூஜையும் நல்லபடியாக நடந்துவிட்டன. மேல்தளத்தில் ஒழுகிய இடமெல்லாம் சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அடைத்து, மேலே தட்டோடு பதித்திருக்கிறோம். தூண்களில் தலைமுறை தலைமுறையாக அடித்த வெள்ளையைச் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தாமதத்துக்கு முக்கியக் காரணம் அதுதான். மடப்பள்ளிக்குப் புதுக் கதவு போட்டாயிற்று. வரவு செலவு தனித்தாளில் இருக்கிறது. ரசீதுகளைப் பொருளாளரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, எல்லோரும் கேட்கிற விஷயத்துக்கு வருவோம். வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை மாகாண கவர்னராக இருந்த மன்றோ துரையின் வரலாற்றை எழுதி ஒரு பலகை மாட்டியிருக்கிறோம் அல்லவா, அதைப் பற்றித்தான். "கோயில் வாசலில் வெள்ளைக்காரனுக்கு எதற்குப் பலகை?" என்று சிலர். "நிலம் கொடுத்த மகராசன் பெயரைக் கல்லில் வெட்டாமல் பலகையோடு நிறுத்திவிட்டீர்களே" என்று வேறு சிலர். இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறோம்.

கோயில் நிலம் மன்றோ துரை எழுதிக்கொடுத்தது என்பது பாட்டன் காலத்துப் பேச்சு. அதை நம்பித்தான் கல்வெட்டு வாசகத்தை ஸ்தபதியிடம் கொடுத்தோம். உளி வைப்பதற்கு முன் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று கோயில் பெட்டியில் இருந்த தாள்களையெல்லாம் எடுத்துப் படித்தோம். ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. கல்லில் வெட்டிவிட்டால் நாளைக்கு நம் பேரப்பிள்ளைகள் அதையே சாட்சியாகக் காட்டுவார்கள். அதனால் நிறுத்திவிட்டோம்.

அதற்காக அவருக்கும் நம் வட்டாரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தாமஸ் மன்றோ 1761இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். அப்பா அமெரிக்காவோடு புகையிலை வியாபாரம் செய்தவர். அங்கே சுதந்திரப் போர் வந்ததும் வியாபாரம் நொடித்தது. பையன் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படையில் சேர்ந்து 1780இல் சென்னையில் இறங்கினான். இறங்கிய கையோடு, நம்பகமானவன்போல வந்து வேலைக்குச் சேர்ந்த ஒருவன் துணிமணியையும் காசையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டானாம். பின்னாளில் ராஜதானியையே ஆண்டவரின் கதை இப்படித்தான் தொடங்குகிறது. அந்த வருஷமே ஹைதர் அலியோடு போர். கித்தான் கட்டிலில் படுத்து, புத்தகத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிய சிப்பாய் வாழ்க்கையைத் தங்கைக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார்.

1792இல் திப்பு சுல்தான் பாராமகாலை (தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சீமை) கும்பினிக்கு விட்டுக்கொடுத்தபோது, அதை நிர்வகிக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீடு வந்தார். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர்தான் மன்றோ. 1799 வரை ஏழு வருஷம் தர்மபுரிப் பக்கம் சுற்றினார். இடையில் ஜமீன்தார் இல்லாமல், நிலத்தை அளந்து உழுகிறவன் பெயரிலேயே வரி போடும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. இன்று நம் கையில் இருக்கும் பட்டாவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. ஆக, அவருடைய உத்தியோகம் வரி போடுவது. கோயிலுக்கு நிலத்தை மானியமாகக் கொடுப்பதல்ல. இதை யோசித்தபோதுதான் பாட்டன் சொன்ன கதையில் எங்களுக்கே சந்தேகம் வந்தது.

அப்புறம் கன்னடக் கடற்கரையில் கொஞ்ச காலம். 1800 முதல் 1807 வரை பல்லாரி, அனந்தபூர், கடப்பைச் சீமைகள். பாளையக்காரர்களை ஒடுக்கியதும் நிலங்களை அளந்ததும் அங்கேதான். மந்திராலயத்தில் ராகவேந்திர சுவாமிகள் இவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்து பேசினார் என்று சொல்வதும் அந்தப் பக்கத்துக் கதையே. பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தவர்களும் அந்தச் சீமைக்காரர்கள். நம் ஊர்க் கதையும் அங்கிருந்து வண்டியேறி வந்திருக்கலாம் என்பது எங்கள் ஊகம். (கேரளத்தில் இருக்கும் மன்றோ தீவு இவருடையதல்ல. அது திருவிதாங்கூரில் இருந்த ஜான் மன்றோ. கூட்டத்தில் இதற்கே அரை மணி நேரம் சண்டை நடந்தது.)

1820இல் சென்னை ராஜதானிக்கு கவர்னர் ஆனார். அந்த ஏழு வருஷத்தில் எங்களுக்குப் பெரிதாகப் படுவது 1822இல் அவர் கேட்ட பள்ளிக்கூடக் கணக்கு. எந்த ஊரில் எத்தனை திண்ணைப் பள்ளி, எத்தனை பிள்ளைகள் என்று கலெக்டர்களிடம் கேட்டு வாங்கினார். 1826இல் தொகுத்தபோது 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வந்தது. வெள்ளைக்காரன் வருவதற்கு முன் நமக்குப் படிப்பே கிடையாது என்று பேசுகிறவர்களுக்கு, அந்த வெள்ளைக்காரரே சேர்த்து வைத்துவிட்டுப் போன பதில் இது. இந்த நாட்டுக்காரர்களைப் பெரிய உத்தியோகங்களில் வைக்காமல் ஆளுவது அவர்களைத் தாழ்த்துவதாகும் என்றும் 1824 கடைசியில் எழுதி வைத்தார்.

அதற்காக அவரை மகானாக்க வேண்டியதில்லை. ரயத்துவாரியில் வரி பாரமாக இருந்தது. குறைக்கச் சொன்னவர்களில் அவரும் ஒருவர் என்றாலும், வசூலிக்க வந்த சேவகர்களின் அடி உதை நிற்கவில்லை. அவர் போய்ப் பல வருஷம் கழித்து, 1854இல், அதை விசாரிக்கத் தனிக் கமிஷனே போட வேண்டி வந்தது. பலகையில் இதையும் எழுதியிருக்கிறோம். "கோயில் வாசலில் இதெல்லாம் வேண்டுமா" என்று ஓர் உறுப்பினர் வருத்தப்பட்டார். நல்லதை மட்டும் எழுதினால் அது உபயதாரர் கல்வெட்டு ஆகிவிடும் என்று பெரும்பான்மையோர் சொன்னதால் அப்படியே விட்டோம்.

பதவிக்காலம் முடிகிற சமயம். மனைவியும் பிள்ளையும் முன்னாலேயே இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார்கள். போவதற்கு முன் பழைய ஜனங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று கடப்பைப் பக்கம் போனவர், 1827 ஜூலை 6ஆம் தேதி பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்துபோனார். கடப்பைப் பக்கத்துக் கண்டி என்ற மலை இடுக்கில், ஆற்றுக்கு மேலே தங்கத் தோரணம் ஒன்று அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்ததாகவும், சாகப்போகிறவர்களுக்கே அது தெரியும் என்றும் அங்கே சொல்வார்கள். அவரைக் குத்தி என்ற ஊரில் புதைத்து, 1831இல் சென்னைக் கோட்டையின் செயின்ட் மேரி தேவாலயத்துக்கு மாற்றினார்கள். தீவுத்திடல் பக்கம் சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருப்பவர் இவர்தான்.

பலகையை மண்டபத்துக்குள் வைக்கவில்லை. வெளிச்சுவரில், செருப்பு விடும் இடத்துக்கு மேலே மாட்டியிருக்கிறோம். கல்வெட்டில் நிலக்கொடை வரி வரவேண்டிய இடம் காலியாக இருக்கிறது. யார் வீட்டுப் பரணிலாவது பழைய இனாம் பத்திரமோ செட்டில்மென்ட் நகலோ கிடந்தால், அடுத்த பௌர்ணமிக் கூட்டத்துக்குள் ஒரு ஜெராக்ஸ் கொடுத்துவிடுங்கள். ஸ்தபதிக்குக் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அதை வாங்க வரும்போது அந்த ஒரு வரியையும் வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு