கோட்டை வாசலை விட உயரமான சிப்பாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடசாலைக் கண்காட்சிகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு அன்பர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். ஒரு மாணவன் சின்னச் சின்னச் சிப்பாய் உருவங்களுக்கு வர்ணம் தீட்டி, ஒரு காட்சியைச் சிறிய அளவில் அப்படியே அமைத்துக் காட்டுகிற டயோராமா ஒன்று செய்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, இது காசைக் கரியாக்கும் வேலை என்றும், யுத்தம் பார்த்த மண்ணில் பிள்ளைகளின் கையில் துவக்குப் பிடித்த பொம்மை எதற்கு என்றும் கேட்டிருந்தார். நானும் இந்தச் சின்ன உருவங்களைச் சேர்த்து வர்ணம் தீட்டுகிற ஆள். அதனால் பதில் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

முதலில் அந்தத் துவக்குக் கதை. அன்பரின் கேள்வி நியாயமானது, அதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. எங்கள் வீட்டிலும் மேசையில் சிப்பாய் வரிசையைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. நான் எங்கள் முப்பது வருட யுத்தத்தில் இருந்து எதையும் செய்வதில்லை. அதைப் பட்டவர்கள் இன்னும் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள், அதை ஒரு பலகையில் ஒட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க எனக்குக் கை வராது. வேறு யாராவது செய்தால் நான் சண்டைக்குப் போகமாட்டேன், ஆனால் நான் செய்யமாட்டேன். 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி வளைத்தது, வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவால் நடத்திக் கொண்டுவந்து ஊர்காவற்றுறையில் கப்பலேற்றியது, இதெல்லாம் வேறு. அதைப் பிள்ளைகள் செய்து பார்க்கட்டுமே.

ஆனால் எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில் இல்லை. கடிதத்தின் கடைசியில் அன்பர், அதற்குப் பக்கத்தில் ரெஜிபோம் என்கிற பாரமில்லாத வெள்ளை நுரை அட்டையில் செய்திருந்த கோட்டையைப் பாராட்டி, அதுதான் உண்மையான வரலாற்றுப் படைப்பு என்று முடித்திருந்தார் பாருங்கள், அங்கேதான். அந்தக் குறிப்பிட்ட கோட்டையை நான் பார்க்கவில்லை. ஆனால் அதன் அண்ணன் தம்பிகளைப் பல வருடமாகப் பல கண்காட்சிகளில் பார்த்து வருகிறேன். ரெஜிபோமை வெட்டி, சாம்பல் நிறம் அடித்து, கறுப்புப் பேனையால் செங்கல் மாதிரிக் கோடு போட்டு, வாசலில் இரண்டு பிளாஸ்ரிக் சிப்பாய்களை நிறுத்தியிருப்பார்கள். சிப்பாய் கோட்டை வாசலை விட உயரம். குனிந்தாலும் உள்ளே போகமாட்டான். கொடி அவனை விடப் பெரிது. முன்னால் "போர்த்துக்கேயர் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டை" என்று அழகான எழுத்தில் ஒரு மட்டை. கோட்டைக்கு ஐந்து மூலை.

ஐந்து மூலை ஒல்லாந்தருடையது. போர்த்துக்கேயர் கட்டியது நாற்கோணக் கோட்டை. மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையில் கிடந்து 1658 ஜூனில் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. அதை இடித்துவிட்டு அவர்கள் எழுப்பியதுதான் நாங்கள் இன்று பண்ணைப் பக்கமாகப் போகும்போது பார்க்கிற ஐங்கோணம். அதன் வெளி வேலைகள் முடிந்தது 1792 இல், மூன்று வருடத்தில், 1795 இல், ஆங்கிலேயர் பெரிய சண்டை எதுவும் இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள். சாம்பல் நிறமும் பிழை, செங்கல் கோடும் பிழை. அது முருகைக்கல், கடல் பவளக் கல். கிட்டப் போய்ப் பார்த்தால் மங்கிய வெள்ளையும் வெளிர் மஞ்சளும், மழை பட்ட இடத்தில் பாசி கறுத்துப்போன கோடுகளும்தான் தெரியும். பஸ்ஸில் போனால் பத்து ரூபாய் கூடச் செலவில்லாமல் பார்க்கலாம் என்று எழுத வந்தேன், இப்போது பஸ் கட்டணம் அப்படி இல்லை.

சின்ன உருவம் தீட்டுகிறவனுக்கு இந்தப் பிழைகளில் பாதி வராது. அவன் புத்திசாலி என்று இல்லை, அளவு அவனை விடாது. இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் புழங்குவது எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. கணக்கு லேசானது, ஆறடி ஒரு அங்குலம். ஆறடி ஆள் ஒரு அங்குலம் நிற்பான், அறுபதடிப் பனை பத்து அங்குலம் நிற்கும், ஒன்றரை அடி தடித்த பனையின் அடிமரம் கால் அங்குலம். அந்த ஒரு அங்குல ஆளைப் பலகையில் ஒட்டிவிட்டால் அதன் பிறகு எல்லாம் அவனுக்குக் கட்டுப்பட வேண்டும். கதவு எத்தனை அடி, மதில் எத்தனை அடி, கிணற்றுக் கட்டு அவன் இடுப்புக்கு வருமா முழங்காலுக்கு வருமா, எல்லாவற்றையும் போய் அளக்க வேண்டும், அல்லது அளந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். வயல் வேலைக்குப் போனவர்களின் உடுப்பு என்ன, 1650களில் நம்மவர் தலையில் என்ன கட்டினார்கள் என்று கேட்க ஆரம்பித்தால், ஒல்லாந்தரோடு வந்த பால்தேயஸ் பாதிரியார் 1672 இல் வெளியிட்ட புத்தகத்தின் செப்புத்தகட்டுப் படங்கள் வரை போய் நிற்க வேண்டி வரும். நாவலர் வீதி நூதனசாலைக்கும் ஒரு நடை போவீர்கள். பரீட்சைக்காகப் படிக்கிற பிள்ளை இவ்வளவு தூரம் போகுமா?

இதில் விளையாட்டுத்தனம் எவ்வளவு, ஆராய்ச்சி எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கதை. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ சண்டை நடந்து பதினைந்து வருடத்துக்குப் பிறகு, 1830 இல், வில்லியம் சைபோர்ன் என்ற பிரித்தானிய அதிகாரியிடம் அந்தப் போர்க்களத்தின் மாதிரி ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். மனுசன் அங்கேயே ஒரு பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். சண்டையில் நின்ற அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் போட்டு, மாலை ஏழு மணிக்கு உங்கள் படை எங்கே நின்றது, எதிரி எங்கே நின்றான், உங்களுக்கு முன்னால் வயலில் என்ன பயிர் நின்றது என்று கேட்டார். பயிர் கூட! 1838 இல் லண்டனில் காட்சிக்கு வைத்தபோது அதில் 70,000க்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு உருவங்கள். பிரித்தானியருக்குத் துணையாக வந்த பிரஷ்யப் படையை அதிகம் காட்டிவிட்டார் என்று, பிரித்தானியத் தளபதியாக நின்ற வெலிங்டன் பிரபுவின் தரப்பில் பெரிய மனக்கசப்பு, பிறகு பிரஷ்ய உருவங்களில் பலவற்றைக் கழற்றி எடுக்க வேண்டி வந்தது. ஒரு மேசை பொம்மைக்காகப் பிரபுக்கள் சண்டை பிடித்திருக்கிறார்கள். அவருக்கு வந்த பதில் கடிதங்களை வரலாற்றுக்காரர்கள் இன்றைக்கும் புரட்டுகிறார்கள். மாதிரி இப்போதும் லண்டன் இராணுவ நூதனசாலையில் இருக்கிறது.

சரி, காசுக் கதை. ஒரு பெட்டியில் நாற்பது, ஐம்பது உருவம் வரும். 2022 இல் டொலர் இருநூறு ரூபாயில் இருந்து முந்நூற்றறுபதுக்குப் பாய்ந்தபோது நானும் வாங்குவதை நிறுத்தினேன், மறைக்க ஒன்றுமில்லை. இப்போதும் வெளிநாட்டில் இருந்து வருகிற உறவினர்களிடம் சொக்லேற் வேண்டாம், இந்தப் பெட்டி ஒன்று கொண்டு வாருங்கள் என்று சொல்கிறவர்கள்தான் நாங்கள். ஆனால் ஒரு பெட்டி பல மாதம் ஓடும். நல்ல பிறஷ் ஒன்றைக் கழுவி நுனி கெடாமல் வைத்தால் அதுவும் ஓடும். மற்றதெல்லாம் ஊரில் கிடைப்பதுதான். கோண்டாவில் செம்மண்ணை அரித்து வெள்ளைப் பசையில் தூவினால் எந்த வெளிநாட்டுப் போத்தலும் தராத தரை வரும். தென்னம் பன்னாடையைத் துண்டு துண்டாக வெட்டி நிறுத்தினால் அசல் கிடுகு வேலி. குழாய் ஒழுக்கு அடைக்க ஹாட்வெயார் கடையில் விற்கிற, இரண்டு துண்டைப் பிசைந்து வைக்கிற பசை இருக்கிறதே, அதில் குடுமியும் தலைப்பாகையும் செய்யலாம். யானை செய்கிறவர்கள் மட்டும் கவனம். கிடைத்தது ஆபிரிக்க யானை என்றால் காதை நறுக்கி, பள்ளமாக இருக்கிற முதுகை அதே பசையால் மேடாக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊர்காவற்றுறையில், றோமரோடு சண்டை பிடித்த ஹனிபாலின் ஆபிரிக்க யானை கப்பலேறும்.

அன்பர் சொன்னதில் ஒன்று முழு உண்மை. கடையில் வருகிற உருவங்களில் பெரும்பாலானவை சிப்பாய்கள்தான். றோமர், நெப்போலியன் காலத்தவர், உலக யுத்தத்தவர். கொம்பனிகள் விற்பதைத்தான் செய்யும். யாழ்ப்பாண அரசின் ஆட்களை எந்தக் கொம்பனியும் செய்யவில்லை. கடைசி அரசன் சங்கிலியனும் இல்லை, தஞ்சாவூரில் இருந்து அவனுக்குத் துணைக்கு வந்த வடுகப் படையினரும் இல்லை. முப்பதாண்டுப் போர் என்று ரெவெல் கொம்பனி வெளியிட்ட ஐரோப்பியச் சிப்பாய்கள் ஏறக்குறைய அந்தக் காலத்தவர்கள், அவர்களை ஒல்லாந்தராக மாற்றிக்கொள்ளலாம். நம்மவர்களை நாங்கள்தான் வெட்டி ஒட்டிச் செய்ய வேண்டும். பீரங்கிக்குள் மருந்து இடிக்க நீண்ட தடியோடு நிற்கிற சிப்பாய் ஒருவன் பல பெட்டிகளில் வருவான். அவனுடைய தடியை நறுக்கி எடுத்து, மேற்சட்டையின் பொத்தான்களையும் கழுத்துப் பட்டியையும் கூரான பிளேட்டால் சீவி, தொப்பியை வெட்டிக் குடுமி வைத்து, மெல்லிய ரிசுத் தாளைப் பசையில் நனைத்து இடுப்பில் சுற்றினால் துலாக் கயிறு பிடித்துத் தண்ணீர் அள்ளுகிறவர் தயார். துலாவில் ஏறி மிதிக்கிறவரை இன்னொரு சிப்பாயில் இருந்து எடுக்கலாம். இந்த மெதுப் பிளாஸ்ரிக்கில் சாதாரண பசை பிடிக்காது, குண்டூசியை வெட்டி உள்ளே செருகித்தான் கையை ஒட்ட வேண்டும். துவக்கை வெட்டி எறிந்துவிட்டு மண்வெட்டியைக் கொடுக்கிற வேலையை யுத்தப் பித்து என்று சொல்ல அன்பருக்கு மனம் வருமா தெரியவில்லை.

வர்ணம் தீட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இதுதான் பொம்மை வேலையாகத் தெரிகிறது. சவர்க்காரத்தில் கழுவாத உருவத்தில் பெயின்ற் நிற்காது, உரிந்து வரும். கழுவிக் காய்ந்த பிறகு அடிப்பூச்சு. அந்த ஸ்பிறே பூச்சைக் கார்த்திகை மழையில் அடித்தால் ஈரம் பிடித்து மா பூசியது போல வெளிறிவிடும். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் தூசு வந்து ஒட்டும். சித்திரை வெயிலில் அக்றிலிக் பெயின்ற் தட்டிலேயே காய்ந்து தோலாகிவிடும், அதற்குச் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் நனைத்த பஞ்சை வைத்து, அதன் மேல் கேக் அடிக்குப் போடுகிற தாளை விரித்து, அதில் பெயின்றைக் குழைக்க வேண்டும். அப்புறம் நிழல். ஒரு அங்குல ஆளின் வேட்டி மடிப்பில் தானாக நிழல் விழாது, அவ்வளவு சின்னது, ஆகவே நிழலையும் நாங்கள்தான் போட வேண்டும். தண்ணியாகக் கரைத்த மண்ணிறம் மடிப்புகளுக்குள் இறங்கி நிற்கும், பிறகு பிறஷைத் துணியில் துடைத்துவிட்டு மிச்சம் இருக்கிற வெளிர் நிறத்தை மேடுகளில் மட்டும் உரசினால் உருவத்துக்கு உயிர் வரும். வேட்டிக்குப் பளிச்சென்ற வெள்ளை போடக்கூடாது. சிவப்புத் துணி என்றால் சாயவேர்ச் சிவப்பு, கொஞ்சம் மண் கலந்த சிவப்பு. அந்தச் சாயவேரை ஒல்லாந்தர் இங்கே கிண்டி எடுப்பித்த கதையே ஒரு தனி டயோராமாவுக்குக் காணும். தோல் நிறத்துக்கு வெளிநாட்டுப் போத்தலில் வருவது ஐரோப்பியத் தோல், நம்மவருக்கு மண்ணிறத்தில் காவியும் துளி சிவப்பும் கலந்து நாங்களே குழைக்க வேண்டும், ஒவ்வொரு ஆளுக்கும் கொஞ்சம் கூட்டிக் குறைத்து.

இதொன்றும் எங்கிருந்தோ வந்த பழக்கமும் இல்லை. மார்கழியில் குருநகரிலும் பாசையூரிலும் பாலன் குடில் கட்டுகிற பிள்ளைகளைப் பாருங்கள். மலை, வைக்கோல், ஆட்டு மந்தை, கண்ணாடித் துண்டில் குளம். டயோராமா என்ற பெயர்தான் புதிது. நவராத்திரிக்குக் கொலு வைக்கிற வீடுகளில் கீழ்ப்படியில் சந்தையும் கல்யாண வீடும் நிற்கும். அங்கே ஆடு மாட்டை விடப் பெரிதாக இருந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது, அது வழிபாடு. வரலாறு என்று மட்டை வைத்துவிட்டால்தான் அளவு கேட்க வேண்டும்.

ஆகவே பாடசாலைகளுக்கும் கண்காட்சிக்குப் புள்ளி போடுகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வரலாற்று மாதிரி எது வந்தாலும் அதன் பக்கத்தில் என்ன அளவில் செய்தது, எந்த வருடத்தைக் காட்டுகிறது, எதைப் பார்த்துச் செய்தது என்று மூன்று வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுத முடியாவிட்டால் புள்ளியைக் குறையுங்கள், அது ரெஜிபோமாக இருந்தாலும் சரி, வெளிநாட்டுப் பெட்டியில் வந்த உருவமாக இருந்தாலும் சரி. பெரிதாக இருக்கிறது, பல்ப் எரிகிறது, தண்ணீர் ஓடுகிறது என்பதற்காக முதல் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். நல்லூரில் இருக்கிற பழைய கட்டடமான மந்திரிமனையை, பல்ப் எரிய வைத்துச் செய்த மாதிரி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். எந்த வருடத்து மந்திரிமனை என்று கேட்டேன், செய்த பிள்ளைக்கும் தெரியாது, பக்கத்தில் நின்ற ஆசிரியருக்கும் தெரியாது.

அந்த மாணவன் யார் என்று எனக்குத் தெரியாது. அவன் இதைப் படித்தால், அவனுடைய ஆட்களின் உயரத்தை ஒரு அடிமட்டம் வைத்து அன்பருக்குக் காட்டட்டும். இந்த வேலையைப் பழக விரும்புகிற பாடசாலை ஏதாவது இருந்தால் உங்கள் பத்திரிகைக்கு எழுதச் சொல்லுங்கள், சனிக்கிழமைகளில் வரத் தயார். பிறஷும் பெயின்றும் நான் கொண்டு வருகிறேன். செம்மண்ணும் பன்னாடையும் பிள்ளைகள் கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோண்டாவில்.