ரோட்ஸ்டர் விற்கும் கம்பெனிகளுக்கு: ரன்-ஃபிளாட் டயரை எங்கள் தலையில் கட்டாதீர்கள்

இந்தியாவில் ரோட்ஸ்டர், அதாவது கூரை மடங்கும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், விற்கும் கம்பெனிகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஒரு ரோட்ஸ்டர் வாங்கி சென்னையில் ஓட்டிக்கொண்டிருப்பவன் நான். எந்தக் கம்பெனி வண்டி என்பது வேண்டாம், இது ஒரு கம்பெனியோடு தீர்கிற வழக்கு இல்லை. கூரையை மடக்கிவிட்டு விடிகாலையில் ஈசிஆரில் போகும்போது, இந்தக் காருக்காக வீட்டில் வாங்கிய திட்டெல்லாம் மறந்துபோகும். நீங்கள் மாட்டி அனுப்பிய, காற்று இறங்கினாலும் ஓடும் ரன்-ஃபிளாட் டயர் மட்டும் மறக்காது, ஒவ்வொரு பள்ளமும் அதை ஞாபகப்படுத்திவிடும்.

உங்கள் பக்க நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. சாதாரண டயரில் வண்டியின் எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. ரன்-ஃபிளாட்டில் பக்கச்சுவருக்குள் தடித்த ரப்பரை வைத்துவிடுகிறீர்கள், காற்று முழுக்க இறங்கினாலும் அந்தச் சுவரே காரைத் தூக்கி நிற்கும், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் 80 கிலோமீட்டர் தூரம் வரை ஓட்டலாம் என்பது பொதுவான கணக்கு. ரோட்ஸ்டரில் ஸ்டெப்னிக்கு இடமும் கிடையாது. டிக்கியில் பாதியை மடங்கிய கூரை பிடித்துக்கொள்கிறது, போதாக்குறைக்கு முன்னால் 225, பின்னால் 255 என்று இரண்டு அளவு டயர், இதில் எந்த அளவை ஸ்டெப்னியாக வைப்பது? ராத்திரி மழையில் நெடுஞ்சாலை ஓரம் ஜாக்கி போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம் என்பது பெரிய நிம்மதிதான்.

ஆனால் டயரில் காற்று இறங்குவது எப்போதோ ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் அந்தத் தடித்த சுவரோடுதான் நாங்கள் குடித்தனம் நடத்துகிறோம். பள்ளத்தில் விழுந்தால் சாதாரண டயர் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும், இது கொடுக்காது. சஸ்பென்ஷன் என்று ஒன்று இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும், கட்டைவண்டிப் பயணம்தான். தார்ச் சாலையில் கோடு விழுந்திருந்தால் ஸ்டியரிங் அந்தக் கோட்டின் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகிறது. ஓட்டுகிற சுகத்துக்காக மட்டுமே வாங்குகிற கார் இது. சாமான் ஏற்றவா வாங்கினோம்?

மழைக்காலத்துக்கு அப்புறம் என் பின் சக்கரத்தின் அலாய் வளைந்துவிட்டது. புதுப்பேட்டையில் பெண்ட் எடுப்பவர் அதை மெஷினில் மாட்டிச் சுழற்றி, ஓரத்தில் ஒரு கம்பியை நெருக்கிப் பிடித்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் டிக், டிக் என்று தட்டியது. "இந்த டயர் போட்ட வண்டிங்கதான் சார் நிறைய வருது. டயர் அமுங்க மாட்டேங்குது, அடி மொத்தமும் ரிம்முக்குப் போயிடுது" என்றார்.

சரி, பஞ்சர் ஆனால்? அங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. காற்றில்லாமல் ஓடிய ரன்-ஃபிளாட்டின் உள்சுவர் சூட்டில் நொறுங்கிப் போயிருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, ரிம்மிலிருந்து கழற்றினால்தான் உள்ளே கறுப்பாக ரப்பர் தூள் உதிர்ந்து கிடப்பது தெரியும். அதனால் மாற்றச் சொல்வது நியாயம். ஆனால் டயர் விளக்கு எரிந்ததும் வண்டியை நிறுத்தி, காற்று பாதிகூட இறங்காத நிலையில், நடுப்பட்டையில் இருந்த ஒரு சின்ன ஆணிக்கும் "புது டயர்தான் சார், பாலிசி" என்றது நான் போன சர்வீஸ் சென்டர். எந்தப் பாலிசி, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. டயர் கம்பெனிகளிலேயே ஒன்று நிபந்தனையோடு பஞ்சர் ஒட்டலாம் என்கிறது, இன்னொன்று கூடவே கூடாது என்கிறது. ஒரு பின் டயர் விலைக்குச் சின்னக் கார் ஒன்றுக்கு நாலு டயரும் மாற்றிவிடலாம். அதுவும் கடைக்குப் போனதும் கிடைத்துவிடாது. 2020 ஜூனில் கார் டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும் என்று மத்திய அரசு கட்டுப்பாடு போட்டதிலிருந்து, இந்த மாதிரி அளவுகளுக்குச் சொல்லிவைத்துக் காத்திருப்பதுதான் வழக்கம்.

அந்த 80 கிலோமீட்டரையும் நம் ஊர் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். விழுப்புரத்தில் காற்று இறங்கினால் சென்னைக்கு இன்னும் 160 கிலோமீட்டர் இருக்கிறது. மதுராந்தகத்தை ஒட்டி உங்கள் கணக்கு முடிந்துவிடும், அப்புறம் டோ வண்டிதான். வழியெல்லாம் பஞ்சர் கடை இருக்கிறது, சாதாரண டியூப்லெஸ் டயராக இருந்தால் ஆணியைப் பிடுங்கி, ஸ்ட்ரிப் சொருகி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, டீ குடித்து முடிப்பதற்குள் அனுப்பிவிடுவார்கள். இந்த நாட்டில் மிகச் சுலபமாகக் கிடைக்கிற ஒரு உதவியிலிருந்து எங்களைப் பிரித்துவைத்துவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறீர்கள்.

சாதாரண டயர் மாட்டி ஸ்டெப்னி இல்லாமல் விற்கச் சட்டம் இடம் தராது என்றும் இப்போது சொல்ல முடியாது. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் டிபிஎம்எஸ், பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் 3.5 டன் வரையுள்ள வண்டிக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020 அக்டோபரிலிருந்து விதியே இருக்கிறது. அதற்கு முன்பே வெளிநாட்டில் வழி தெரிந்துதான் இருந்தது. பிஎம்டபிள்யூ தன் சாதாரண இசட்4 ரோட்ஸ்டர்களை ரன்-ஃபிளாட்டில் விற்ற காலத்திலேயே, 2006 இல் வந்த, அதைவிட வேகமான இசட்4 எம் மாடலுக்கு சாதாரண டயரையும் ஒரு பஞ்சர் கிட்டையும் கொடுத்தது. வேகமான காருக்கு அது போதும் என்றால் எங்களுக்கு ஏன் போதாது? ரன்-ஃபிளாட் வேண்டுமென்றால் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட் மாதிரி செய்யுங்கள். 1994 இல் விருப்பமுள்ளவர்களுக்கு என்று கொடுத்துப் பார்த்துவிட்டு, 1997 இல் புதிதாக வடிவமைத்த காரில்தான் அதை எல்லோருக்கும் போட்டார்கள்.

புக்கிங் செய்கிறவரிடம் சீட்டுத் தையல் நூலின் நிறம் வரை கேட்கிறீர்கள், எந்த டயர் வேண்டும் என்றும் கேளுங்கள். வேண்டாம் என்பவருக்கு டிக்கி ஓரத்தில் ஒரு கம்ப்ரஸரும் கிட்டும் வையுங்கள். எந்த நிலையில் ஒட்டலாம், எந்த நிலையில் மாற்ற வேண்டும் என்பதை எழுதி எல்லா சர்வீஸ் சென்டரிலும் ஒட்டுங்கள். அப்புறம் என்னைப் போல பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் சொந்தப் பொறுப்பில் சாதாரண டயருக்கு மாறிக்கொண்டிருக்கிறோம், "அப்புறம் எங்களைக் கேட்கக் கூடாது" என்று கையெழுத்து வாங்குவதை விட்டுவிட்டு, இந்த மாடலுக்கு எந்த டயர், முன்னால் எவ்வளவு காற்று, பின்னால் எவ்வளவு காற்று என்பதை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சென்னை ரோட்ஸ்டர்காரன்